அளவுக்கு வைத்த பெயர்

ஜனவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீயும் அம்மாவும் நலமா என்று கேட்பது வழக்கம், கேட்டுவிட்டேன். ஆனால் நான் கேட்பதால் அம்மாவின் முழங்கால் சரியாகிவிடப் போவதில்லை. தைலத்தை ஒழுங்காகத் தடவச் சொல். உன் கழுத்து வலி தேவலையா?

இங்கே சுரங்கப்பாதை இன்னும் மலையின் பாதியைத் தாண்டவில்லை. காலை ஆறு மணிக்கு உள்ளே போனால் மதியம் இரண்டுக்குத்தான் வெளியே வருகிறோம். நாங்கள் பத்தடி முன்னேறினால் என் ஒயரும் பத்தடி நீள வேண்டும், விளக்கும் கூடவே வர வேண்டும், அதுதான் என் வேலை. துளை போடும் சத்தத்தில் காது அடைத்துக்கொள்கிறது. ஆபீஸில் ஃபோன் இருக்கிறது. ஆனால் பக்கத்தில் இன்ஜினியர் உட்கார்ந்து நாம் பேசுவதைக் கேட்டுத் தலையாட்டுவார். அம்மா ஒருநாள் ஃபோனில் என் வயிற்றைப் பற்றி விசாரித்ததிலிருந்து அவரும் தினமும் விசாரிக்கிறார். அதனால் செவ்வாய்க்கிழமை காய்கறி லாரியில் வரும் தபாலை நம்பித்தான் பிழைப்பு ஓடுகிறது.

அதே லாரியில் நம் இசைப் பத்திரிகையும் வருகிறது. 'யார் வரலாம்?' பகுதியை ஆரம்பித்துவிட்டார்கள். செப்டம்பர் விழாவில் கடைசி நாள், கடைசி மேடை யாருக்கு என்று வாசகர்கள் இப்போதே மல்லுக்கட்டுகிறார்கள். நான் வழக்கம்போல 'மூணாவது வரிசை' என்ற பெயரில், 'ஏழாம் மாடி' குழுவுக்குக் கொடுக்க வேண்டும் என்று எழுதினேன். 'பல் டாக்டர்' என்ற பெயரில் எழுதும் அந்த வாசகர் என்ன பதில் எழுதியிருக்கிறார் தெரியுமா? மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தும் மேடை தெரியாதவர் கண் டாக்டரைத்தான் பார்க்க வேண்டுமாம், அவரிடம் வந்தால் பல்லைத்தான் பிடுங்க முடியுமாம்.

ஐந்து வருடமாக நான் சொன்னது ஒன்றுகூடப் பலிக்கவில்லை. அவர் மூன்று தடவை சரியாகச் சொல்லிவிட்டார். ஆள் கறுப்பா சிவப்பா என்றுகூடத் தெரியாது, ஆனால் அவரை நினைத்தால் சோறு இறங்கவில்லை. சிரிக்காதே.

விழா போஸ்டர் உங்கள் அச்சகத்தில்தானே அடிக்கிறார்கள்? பெயர் வேண்டாம், முதல் எழுத்து போதும்.

மிச்சம் உன் பதில் பார்த்து,
தம்பி


பிப்ரவரி 2

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மா முழங்காலுக்குத் தடவ வேண்டிய தைலத்தை நெற்றிக்குத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். என் கழுத்து அப்படியேதான் இருக்கிறது. குனிந்து பிழை திருத்துவதுதானே என் வேலை.

முதல் எழுத்தும் கிடையாது, கடைசி எழுத்தும் கிடையாது. விழா வேலை வந்த அன்றே எங்கள் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். பெயர் வெளியே போனால் வேலையும் வெளியே. அதைவிட, சொல்வதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. கடைசி மேடைக்கு யார் என்பது ஆகஸ்டில்தான் மூடிய உறையில் வரும். அதுவரை போஸ்டரில் அந்த வரி வெறும் வரிதான்.

போஸ்டரை இந்த வருடமும் என் தோழிதான் அமைக்கிறாள். கொண்டையில் எஃகு ஸ்கேலைச் செருகிக்கொண்டு திரிவதால் அவளை எல்லோரும் ஸ்கேல் என்றுதான் கூப்பிடுகிறோம். நீ ஒருமுறை வந்தபோது பார்த்திருக்கிறாய், உன் சட்டைக் காலர் கோணல் என்று சொன்னாளே, அவள்தான். ஜன்னலோரம் அவள் மேஜை, எதிரே என்னுடையது. அவளுக்கு இடது காது கேட்காது. அந்தக் காதைக் காட்டி மூன்று இடத்தில் வேண்டாம் என்றார்கள், இங்கேதான் சேர்த்துக்கொண்டார்கள். பத்து வருடமாக நான் அவளுக்கு வலது பக்கமே நின்று பேசிப் பழகிவிட்டேன், வீட்டில் அம்மாவுக்கும் வலது பக்கமே போய் நிற்கிறேன்.

பல் டாக்டரை விட்டுத் தள்ளு. அவர் உன் தூக்கத்தைக் கெடுத்துவிட்டு நன்றாகக் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார்.

காதில் பஞ்சு வைத்துக்கொள்.

அன்புடன்,
அக்கா


மார்ச் 4

அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல்.

காதில் பஞ்சு வைத்தேன். சீழ் பிடித்து மூன்று நாள் தகரக் கொட்டகையில் தனியாகப் படுத்திருந்தேன். பயப்படாதே, இப்போது பரவாயில்லை. எல்லோரும் வேலைக்குப் போய்விடுவார்கள், நானும் கூரையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருப்போம்.

அப்போது அந்தக் கச்சேரி ஞாபகம் வந்தது. ஒன்பது வருடம் ஆகிறது. 'மழைக்குப் பின்னால் நடப்பவர்கள்' கடைசியாக வாசித்த நாள். நீ ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு என்னைக் கூட்டிப் போனாய், மூன்றாவது வரிசை. அவர்கள் மூன்று பேரும் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள், டிரம்ஸ் வாசித்தவர் துணிக்கடை வைத்திருக்கிறாராம். அவர்கள் மறுபடி மேடை ஏறினால் இந்தச் சுரங்கத்தை அப்படியே இருட்டில் விட்டுவிட்டு வந்துவிடுவேன்.

உன் அச்சக ரகசியம் உன்னோடு பத்திரமாக இருக்கட்டும். நான் யார், கூடப் பிறந்தவன்தானே. வேறு விசேஷம் இல்லை.

தம்பி


மார்ச் 17

அன்புள்ள தம்பிக்கு,

காதை டாக்டரிடம் காட்டினாயா இல்லையா? அதை எழுதாமல் என்னென்னவோ எழுதுகிறாய். அம்மாவிடம் சீழ் என்பதை ஜலதோஷம் என்று மாற்றிப் படித்துக் காட்டினேன். அதற்கே ஒரு பாட்டம் அழுதாள்.

நான் இப்போது எழுதுவதைப் படித்துவிட்டு இந்தத் தாளைக் கிழித்து அடுப்பில் போட வேண்டும். சத்தியம் செய்துவிட்டு மேலே படி.

இன்று மத்தியானம் ஸ்கேலின் மேஜையில் போஸ்டரின் முதல் அச்சு கிடந்தது. அவள் டீ எடுத்து வரப் போயிருந்தாள். மற்ற நாட்களின் வரி எல்லாம் சின்ன எழுத்து. கடைசி நாள் வரி மட்டும் என் உள்ளங்கை உயரம். இரண்டு வரியாக இருந்தது. மேலே 'மழைக்குப் பின்னால்'. கீழே, ஒரு விரல் உள்ளே தள்ளி, 'நடப்பவர்கள்'. கருநீல மை, இன்னும் காயவில்லை.

நான் பார்த்ததை எழுதிவிட்டேன். நீ சிரிப்பாய் என்றுதான் எழுதினேன். இது உனக்கு மட்டும். பல் டாக்டருக்கும் இல்லை, இன்ஜினியருக்கும் இல்லை.

டாக்டரிடம் போ. போய்விட்டு எழுது.

அக்கா


ஏப்ரல் 5

என் அருமை அக்கா,

நலம், நலம், இதைவிட நலமாக ஒருவன் இருக்க முடியாது. டாக்டரிடம் போனேன், சொட்டு மருந்து கொடுத்தார். உன் கடிதம்தான் அதைவிட நல்ல மருந்து. கிழித்தேன், அடுப்பிலும் போட்டேன். சமையல்காரர் என்ன காதல் கடிதமா என்று கேட்டார், ஆமாம் என்றேன்.

சுரங்கத்துக்குள் ஒயரைத் தோளில் போட்டுக்கொண்டு பாடிக்கொண்டே போகிறேன். மேஸ்திரி என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதில் இவ்வளவு சுகம் இருக்கிறது என்று இத்தனை நாள் தெரியாமல் போயிற்று.

ஒன்றே ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. பெயர் ஆகஸ்டில்தான் உறையில் வரும் என்று எழுதியிருந்தாயே. மார்ச்சிலேயே எப்படி மேஜைக்கு வந்தது? உறுதிதானா? ஒரு வார்த்தை எழுது போதும்.

அம்மாவுக்கு முத்தம். உனக்கு இரண்டு.

தம்பி


ஏப்ரல் 16

அன்புள்ள தம்பிக்கு,

காது குணமானது அறிந்து நிம்மதி. இங்கே யாவரும் நலம். கார்டில் இடம் இல்லை.

நீ கேட்டதற்குப் பதில்: உறுதிதான்.

அக்கா


ஜூன் 8

தம்பிக்கு,

ஏப்ரலுக்குப் பிறகு உன்னிடமிருந்து கடிதம் இல்லை. அது ஏன் என்று பத்திரிகை பார்த்துத் தெரிந்துகொண்டேன். அம்மா நலம்.

நான்காம் தேதி காலை மேனேஜர் எங்களை எல்லாம் பெரிய அறைக்குக் கூப்பிட்டார். பத்திரிகையை மேஜையில் விரித்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார். பிழை திருத்தும் பழக்கத்தில் எனக்கு ஒருமுறை கேட்டாலே மனப்பாடமாகிவிடுகிறது: 'பல் டாக்டர் அவர்கள் வாயை மூடிக்கொள்ளும் காலம் வந்துவிட்டது. கடைசி மேடையில் நிற்கப் போவது மழைக்குப் பின்னால் நடப்பவர்கள். போஸ்டரில் அந்தப் பெயர் இரண்டு வரியில், இரண்டாம் வரி ஒரு விரல் உள்ளே தள்ளி, கருநீலத்தில் இருக்கிறது. தோற்றவர் இனி இந்தப் பகுதிக்கு எழுதக் கூடாது, சம்மதமா? இப்படிக்கு, மூணாவது வரிசை.'

வெறும் பெயரை மட்டும் எழுதியிருந்தால் ரசிகனின் ஆசை என்று விட்டிருப்பார்கள். ஒரு விரல் உள்ளே தள்ளியிருப்பதை அச்சகத்துக்கு வெளியே இருப்பவன் எப்படி எழுதுவான்?

அது நிஜப் பெயரும் இல்லை. உறை வருவதற்கு முன் ஸ்கேல் அந்த வரியில் இருப்பதிலேயே நீளமான பெயரை வைத்துப் பார்ப்பாள். அது கொண்டால் எதுவும் கொள்ளும். சும்மா அளவுக்கு வைத்தது என்பதற்கு வலது கீழ் மூலையில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போடுவாள். அச்சகத்தில் எல்லோருக்கும் தெரிந்த குறி. அதை நான் கவனிக்கவில்லை.

விழாக் கமிட்டிக்காரர்கள் அடுத்த வருடம் வேறு அச்சகம் பார்ப்போம் என்று சொல்லிவிட்டார்கள். டிக்கெட் கேட்டு ஜனம் வரிசையில் நிற்கிறதாம். அந்த டிரம்ஸ்காரரின் துணிக்கடை முன்னால் கூட்டம் கூடி, அவர் இரண்டு நாள் கடையே திறக்கவில்லை. ஸ்கேல் லீவில் இருக்கிறாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


ஜூன் 25

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா என்று கேட்கவே வாய் வரவில்லை. நான்தான். இல்லை என்று எழுத ஒரு நிமிடம் நினைத்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

பல் டாக்டர் மே மாத இதழில், மூணாவது வரிசைக்கு இந்த வருடமாவது நாற்காலி கொடுங்கள், தரையில் உட்கார்ந்து உளறுகிறார் என்று எழுதியிருந்தார். அதைச் சமையல்காரர் சத்தமாகப் படித்தார், கொட்டகையே சிரித்தது. நான் தாளை எடுத்து எழுதிவிட்டேன். இரண்டு வரி, ஒரு விரல் எல்லாம் எழுதினால்தான் நம்புவார்கள் என்று சேர்த்தேன். உன் பெயரை எழுதவில்லையே, பிறகென்ன என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அக்கா, எனக்கு மூளை இருக்கிறதா என்று அம்மா கேட்பாளே, அது நியாயமான கேள்விதான்.

இங்கே எட்டுப் பேர் என் பேச்சைக் கேட்டு விழாவுக்கென்று லீவு சேர்த்து வைத்திருந்தார்கள். நேற்று சாப்பாட்டு வேளையில் எழுந்து நின்று, அது பொய்ச் செய்தி, நான் உங்களை ஏமாற்றிவிட்டேன் என்று சொன்னேன். எல்லோரும் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். சமையல்காரர் மட்டும், "சரி, உட்காந்து சாப்பிடு" என்றார். அவர்தான் அந்தக் குழுவின் பாட்டைக் கரண்டியால் தாளம் போட்டுப் பாடுகிறவர். இன்று அவர் பாடவில்லை.

உன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஒரு சின்னக் குறியை நீ பார்க்காமல் போனது யாருக்கும் நடக்கக்கூடியது. வாக்குக் கொடுத்துவிட்டு மீறியவன் நான்.

ஸ்கேல் அக்காவுக்கு ஏன் லீவு? உடம்பு சரியில்லையா?

தம்பி


ஜூலை 20

அக்கா,

நான்கு செவ்வாய்க்கிழமை லாரி வந்துவிட்டது. உன் கையெழுத்து இல்லை.

அம்மாவிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அவள் எழுத்து உனக்குத் தெரியும், நாலு வரிக்கு ஒரு பக்கம். முழங்கால் பரவாயில்லையாம். 'உன் அக்கா இப்போது ஜன்னலோர மேஜைக்கு மாறிவிட்டாள், அந்த ஸ்கேல் பெண்ணை நிறுத்திவிட்டார்களாம், பாவம், உன் அக்கா சரியாகச் சாப்பிடுவதில்லை' என்று எழுதியிருக்கிறாள்.

லீவு என்றுதானே எழுதினாய். என்ன நடந்தது என்று சொல். திட்டியாவது எழுது.

தம்பி


ஆகஸ்ட் 12

தம்பிக்கு,

அம்மாவும் நானும் இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய்?

உனக்கு எழுதுவதற்குப் பலமுறை உட்கார்ந்தேன். முதல் வரிக்குப் பிறகு பேனா நகரவில்லை.

அன்று மேனேஜர் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு எங்களை ஒவ்வொருவராகக் கேட்டார். வெளியே யாரிடமாவது சொன்னீர்களா? மிஷின்காரர் இல்லை என்றார். பைண்டிங் பெண்கள் இல்லை என்றார்கள். என் முறை வந்தது. "இல்ல சார்" என்றேன். குரல் நடுங்கவில்லை. நடுங்கும் என்று பயந்தேன், நடுங்கவே இல்லை.

ஸ்கேலிடம், உங்கள் மேஜையிலிருந்துதான் போயிருக்கிறது, வேறு யார் பார்த்தார்கள் என்று கேட்டார். எனக்குத் தம்பி இருப்பது அவளுக்குத் தெரியும். அவன் மூன்றாவது வரிசைப் பைத்தியம் என்பதும் தெரியும், நான்தானே நூறு தடவை சொல்லிச் சிரித்திருக்கிறேன். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு மேனேஜரைப் பார்த்து, "மேஜை திறந்துதான் சார் கெடக்கும். போறவங்க வர்றவங்க எல்லாரும் பாக்கலாம். பூட்டி வைக்காதது என் தப்பு" என்றாள். அன்றே கணக்குத் தீர்த்து அனுப்பிவிட்டார்கள்.

அவள் ஸ்கேலைக் கொண்டையிலிருந்து எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு படி இறங்கினாள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

மறுவாரம் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, நம்பிக்கையானவர்கள் கையில் இருக்கட்டும் என்று அந்த மேஜையை எனக்குக் கொடுத்தார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. நல்ல வெளிச்சம். கழுத்து வலி குறைந்திருக்கிறது. அதைச் சொல்லவே எனக்கு அசிங்கமாக இருக்கிறது.

உறை வந்துவிட்டது. இந்த முறை பெயரை எழுத மாட்டேன்.

நீ ஒன்றும் செய்யப் போகாதே. செய்தது போதும், உன்னையும் சேர்த்துத்தான், என்னையும் சேர்த்துத்தான்.

அக்கா


ஆகஸ்ட் 26

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நான் சௌக்கியம்.

இத்துடன் ஒரு கடிதம் வைத்திருக்கிறேன், உங்கள் மேனேஜருக்கு. உறையை ஒட்டவில்லை. 'மூணாவது வரிசை' நான்தான், பத்திரிகைக்கு எழுதியது என் குற்றம், மேஜையில் இருந்தவர் எனக்கு ஒன்றும் சொல்லவில்லை, அவரை எனக்குச் சரியாகத் தெரியக்கூடத் தெரியாது என்று எழுதியிருக்கிறேன். அதற்கு அடுத்து 'எனக்குச் சொன்னவர்' என்று ஆரம்பித்தேன். அங்கே ஒரு வரி இடம் விட்டிருக்கிறேன்.

அந்த வரியை நிரப்ப எனக்கு உரிமை இல்லை. நானே எழுதி நேரே தபாலில் போட்டிருப்பேன், அப்புறம் வீட்டில் அம்மா முகத்தில் எப்படி விழிப்பது? நிரப்பாமல் கொடுத்தால் அவர் நம்ப மாட்டார். நீ நிரப்பிக் கொடுத்தாலும் சரி, கிழித்து அடுப்பில் போட்டாலும் சரி. போடாமல் போட்டேன் என்றுகூட எழுதலாம், நானும் அப்படித்தான் எழுதினேன். உன் மார்ச் மாதக் கடிதம் இன்னும் என் பெட்டியில்தான் இருக்கிறது. கிழிக்க மனசு வரவில்லை.

அந்தச் சமையல்காரர் மறுபடி பாட ஆரம்பித்துவிட்டார். என்னைப் பார்த்தால் மட்டும் நிறுத்திக்கொள்கிறார்.

நேரத்துக்குச் சாப்பிடு.

தம்பி


அக்டோபர் 10

என் தம்பிக்கு,

இனி அச்சக முகவரிக்கு எழுதாதே, வீட்டுக்கே எழுது. அம்மாவின் முழங்காலுக்கு இப்போது நானே தைலம் தடவுகிறேன், நேரம் இருக்கிறது.

உன் கடிதம் ஒன்பது நாள் என் சாப்பாட்டுப் பையில் இருந்தது. டப்பாவை எடுக்கும்போதெல்லாம் கையில் பட்டது. பத்தாம் நாள், நீ விட்ட இடத்தில் என் கையெழுத்தில் 'பிழை திருத்தும் என் அக்கா' என்று எழுதி மேனேஜர் மேஜையில் வைத்தேன். இரண்டு முறை படித்தார். "நீங்களாம்மா? நான் உங்களக் கேட்டதே ஒரு பேச்சுக்குத்தானே" என்றார். அதற்கு அவர் திட்டியிருக்கலாம். விழா வேலை முடியும் வரை இருக்கச் சொன்னார், முடிந்ததும் அனுப்பிவிட்டார். அவளுக்கு ஆள் விட்டார், முதலாம் தேதியிலிருந்து வரச் சொல்லி.

கடைசி மேடை 'கரண்ட் கட்' குழுவுக்கு. ஒரு வாசகரும் சொல்லாத பெயர். பல் டாக்டரும் தோற்றுவிட்டார். இந்த மாத இதழில், பந்தயத்தில் இருவருமே தோற்றதால் இருவருமே எழுதலாம், மூணாவது வரிசை காலியாகக் கிடப்பது பார்க்க நன்றாக இல்லை என்று எழுதியிருக்கிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை ஸ்கேல் வீட்டுக்குப் போனேன். வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நான் அவளுக்கு இடது பக்கம் போய் நின்று, என்னை மன்னித்துவிடு என்று சொன்னேன். பத்து வருடப் பழக்கத்தில் ஒருநாளும் நான் அந்தப் பக்கம் நின்றதில்லை. கால் தவறிப் போகவில்லை தம்பி, தெரிந்துதான் நின்றேன். சொன்னதாகவும் இருக்க வேண்டும், அவள் காதில் விழாமலும் இருக்க வேண்டும். என் யோக்கியதை அவ்வளவுதான்.

அவள் திரும்பாமலே, "இந்தப் பக்கம் வந்து சொல்லு" என்றாள். போனேன், சொன்னேன்.

துணியை எல்லாம் போட்டு முடித்துவிட்டு, "அன்னைக்கு அச்சக வாசல்ல அரை மணி நேரம் நின்னேன். மன்னிப்புக் கேக்க வேணாம், நீ பஸ் வரைக்கும் கூட வருவேன்னு நெனச்சேன்" என்றாள்.

நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன் என்று எழுதினேனே, அந்த அரை மணி நேரமும்தான் பார்த்தேன்.

உள்ளே போய் ஒரு சுருளை எடுத்து வந்தாள். அன்று அவளை அனுப்பும்போது மேனேஜர் கோபத்தில் அவள் பையில் திணித்த அச்சு. உன் தம்பிக்குப் பிடித்த குழுதானே, அனுப்பிவை என்றாள். விரித்துக் காட்டினாள். மூலையில் அந்தப் பெருக்கல் குறி, கட்டை விரல் நகம் அளவுக்கு. "இது கூடவா உன் கண்ணுல படல?" என்று கேட்டாள்.

அவளுக்குச் சொன்ன பதிலை உனக்கும் சொல்ல வேண்டும்.

பட்டது. அன்றைக்கே பட்டது. பெயரைப் பார்ப்பதற்கு முன்னால் குறியைத்தான் பார்த்தேன், என் கண் அப்படித்தான் பழகியிருக்கிறது. உன் மார்ச் கடிதம் அன்று என் பையில் இருந்தது. கூரையும் நீயும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்ததாக எழுதியிருந்தாய். நிஜப் பெயரைச் சொன்னால்தானே கையெழுத்தை மீறியதாகும், இது யாருடைய ரகசியமும் இல்லையே, என் தம்பி செப்டம்பர் வரை சந்தோஷமாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தேன். உறுதிதானா என்று நீ கேட்டபோதாவது சொல்லியிருக்கலாம். நீ பாடிக்கொண்டே வேலைக்குப் போவதாக எழுதியிருந்தாயே, எப்படிச் சொல்வேன்? பிறகு நீ எட்டுப் பேர் முன்னால் எழுந்து நின்றாய் என்று படித்தபோது சொல்லியிருக்க வேண்டும். ஒரு சின்னக் குறியைப் பார்க்காமல் போனவள் என்று நீ என்னை மன்னித்திருந்தாய், அந்த மன்னிப்பை நான் வாங்கி வைத்துக்கொண்டேன்.

ஸ்கேல் முழுக்கக் கேட்டாள். சுருளைச் சுற்றி நூல் கட்டிக் கொடுத்தாள். பஸ் ஸ்டாப் வரை கூட வந்தாள்.

சுருளைத் தனித் தபாலில் அனுப்பியிருக்கிறேன். கொட்டகையில் ஒட்டுவதாக இருந்தால் அந்த மூலை மறையாமல் ஒட்டு. உன் சமையல்காரரும் பார்க்கட்டும், ஏமாற்றியது நீ இல்லை என்று சொல்.

காது எப்படி இருக்கிறது என்று எழுது. எனக்கு எழுத மனம் வராவிட்டால் அம்மாவுக்காவது எழுது, நான் ஒரு வார்த்தையும் மாற்றாமல் படித்துக் காட்டுகிறேன்.

அக்கா